குக்கரில் வேகும் தூரம்

பாசிப்பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஒரே குக்கரில் தனித்தனியாக வேகவைத்துப் பாருங்கள். ஆவி கட்டிய பிறகு பருப்பு குழைய நாலு நிமிடம் போதும். இரவெல்லாம் ஊறிய கடலையை அடுப்பைச் சிம்மில் வைத்து இருபது நிமிடமாவது விட வேண்டும். வேகிற நேரத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் அடுப்பைப் பற்றவைத்தது முதல் மூடியைத் திறப்பது வரை கணக்கெடுத்தால் அந்த ஐந்து மடங்கு எங்கோ கரைந்துவிடுகிறது. தண்ணீர் கொதித்து ஆவி கட்ட எட்டு நிமிடம், அடுப்பை அணைத்தபின் ஆவி தானாக அடங்கப் பத்து நிமிடம் என்று வையுங்கள். பருப்புக்கு மொத்தம் 22 நிமிடம், கடலைக்கு 38. இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

இரண்டு ஊர்களுக்கு இடையே விமானம் பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கும் விடை இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது சிம்மில் வேகும் நேரம் மட்டுமே. அதற்கு முன் ஆவி கட்டும் நேரமும், அதற்குப் பின் ஆவி அடங்கும் நேரமும் உண்டு. குக்கர் அடியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்பதும் உண்டு. பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கும்போது இவற்றைக் கவனிக்காமல் விட்டாலும் கணக்கு ஓரளவு சரியாக வந்துவிடும். கடல் நடுவே தனித்துக் கிடக்கும் சிறிய விமான நிலையங்களுக்கு அப்படி வராது. அங்கே தூரத்தைவிட மற்றவைதான் பயணத்தைத் தீர்மானிக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள செயிண்ட் ஹெலினா, அசென்ஷன் என்ற இரண்டு தீவுகளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் எரிமலைத் தீவுகள். பிரிட்டன் ஆட்சிக்கு உட்பட்டவை. செயிண்ட் ஹெலினா சுமார் 120 சதுர கிலோமீட்டர். மக்கள் 4,400 பேர் அளவில். ஆப்பிரிக்கக் கரை அங்கிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். நெப்போலியனை 1815இல் சிறைவைத்த தீவு இதுதான்; 1821இல் அவர் இறந்ததும் இங்கேதான். அவரை மீட்க யாரும் கப்பலோடு வந்துவிடக் கூடாது என்று அதே 1815இல் பிரிட்டன் தன் படையை இன்னொரு தீவிலும் இறக்கியது. அதுவரை ஆளில்லாமல் கிடந்த அந்தத் தீவுதான் அசென்ஷன். அன்று தொடங்கிய தொடர்பு இன்றும் அறுபடவில்லை. அசென்ஷனுக்குச் சொந்தக் குடிகள் கிடையாது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் செயிண்ட் ஹெலினாக்காரர்கள். குடும்பம் ஒரு தீவில், சம்பளம் இன்னொரு தீவில். அதனால் இந்த இரண்டு ஓடுதளங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பது அந்த மக்களுக்குக் குடும்ப விஷயம்.

தூரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்குக் கணினி வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். செயிண்ட் ஹெலினா விமான நிலையம் தெற்கு அட்சம் 15.96 பாகை, மேற்குத் தீர்க்கம் 5.65 பாகை. அசென்ஷன் தெற்கு 7.97, மேற்கு 14.39. அட்சத்தில் வித்தியாசம் 7.99 பாகை, தீர்க்கத்தில் 8.74 பாகை. ஒரு பாகை அட்சம் என்பது 60 கடல்மைல். கடல்மைல் என்ற அளவே பூமியின் வட்டத்தில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்து வந்ததுதான், கிலோமீட்டரில் 1.852. ஆக வடக்கு நோக்கி 479 கடல்மைல். தீர்க்கத்தில் ஒரு பாகை பூமத்திய ரேகையில் மட்டுமே 60 கடல்மைல். துருவத்தை நோக்கிப் போகப்போகச் சுருங்கும். இந்த இரு தீவுகளுக்கும் நடு அட்சம் 12 பாகை. அதன் கொசைன் 0.978. அதனால் மேற்கு நோக்கி 8.74 × 60 × 0.978, அதாவது 513 கடல்மைல். ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் கிடைத்துவிட்டன. பிதாகரஸ் தேற்றப்படி மூன்றாவது பக்கம் 702 கடல்மைல், 1,300 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதை முழுதாகக் கணக்கில் எடுக்கும் பெரிய சூத்திரத்தைப் போட்டாலும் அதே 702தான் வருகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், இந்த அளவுத் தூரத்துக்கு, தட்டையான கணக்கே உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இந்தச் சலுகை எல்லா இடத்திலும் கிடையாது. அலாஸ்காவின் வடமுனையில் இருக்கும் உட்கியாக்விக்கையும் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இருக்கும் லாங்இயர்பியனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சின்ன விமான நிலையங்கள், இரண்டுமே ஆர்க்டிக் வட்டத்துக்குள். சுவரில் மாட்டும் உலகப்படத்தில் ஒன்று இடது ஓரம், இன்னொன்று நடுவுக்கு வலப்பக்கம். படத்தில் ஸ்கேல் வைத்து கோடு போட்டு, அந்தக் கோட்டின் திசை மாறாமல் பறந்தால் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும். உருண்டையான பூகோளத்தில் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்துக்கு வெகு அருகே போகிறது. தூரம் 3,380 கிலோமீட்டர்தான். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வித்தியாசம், வெறும் படத்தால் வந்தது. துருவத்துக்குப் பக்கத்து ஊர்களின் தூரத்தைப் படம் பார்த்து மதிப்பிடவே கூடாது.

நம் தீவுகளுக்குத் திரும்புவோம். இங்கே பறப்பது எம்ப்ரேயர் 190 என்ற இரட்டை எஞ்சின் ஜெட் விமானம். தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் 2017 அக்டோபர் 14 அன்று செயிண்ட் ஹெலினாவுக்கு வழக்கமான விமான சேவையைத் தொடங்கியது. அடுத்த மாதமே அங்கிருந்து அசென்ஷனுக்கும் பறக்கத் தொடங்கியது. இந்த ஜெட் உயரத்தில் நிலைப்பட்டபின் சுமார் 450 நாட் வேகத்தில் போகும். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல். 702ஐ 450ஆல் வகுத்தால் ஒரு மணி 34 நிமிடம். பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். குக்கரில் கடலையைப் போட்டுவிட்டு, இருபது நிமிடத்தில் இலை போடலாம் என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

அடுப்பைப் பற்றவைப்பதிலிருந்து பார்ப்போம். சின்ன விமான நிலையத்தில் ஓடுதளத்துக்கு இணையாக ஓடும் தனிப்பாதை பெரும்பாலும் இருக்காது. விமானம் ஓடுதளத்திலேயே மெல்ல உருண்டு மறுமுனைக்குப் போய், அங்கே திரும்பி நின்றுதான் கிளம்ப வேண்டும். நெரிசல் இல்லாததால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். இதற்கு ஐந்து நிமிடம் வைக்கலாம். பிறகு ஏற்றம். 36,000 அடிக்குப் போய்ச் சேர இருபது நிமிடம். அதற்குள் விமானம் முன்னோக்கியும் 120 கடல்மைல் நகர்ந்திருக்கும். இந்த இருபது நிமிடமும் எஞ்சின்கள் பெருந்தீயில் எரிகின்றன. எடையைத் தூக்கவும் வேண்டும், வேகத்தைக் கூட்டவும் வேண்டும். ஆவி கட்டும்வரை நாம் அடுப்பை முழுதாகத் திறந்து வைப்பது இதற்காகத்தான். விசில் வந்ததும் தீயைக் குறைப்போமே, அதேபோல உரிய உயரம் வந்ததும் விமானி எஞ்சின் விசையைக் குறைக்கிறார். இவ்வளவு மேலே ஏன் போக வேண்டும் என்றால், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தடுக்கும் காற்று மெலிந்துவிட்டதால் சிறு தீயிலேயே பெரிய வேகம் நிற்கிறது. ஏறுவதற்குச் செலவழித்த எரிபொருளை இந்தச் சிம் நேரம்தான் ஈடுகட்டுகிறது. வேகும் நேரம் அதிகமுள்ள கடலைக்குக் குக்கர் வைப்பது கட்டுப்படியாவதற்கும் இதுதான் காரணம்.

இறங்குவதுதான் எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகப் பிடித்த பகுதி. பயணிகள் நினைப்பதைவிட வெகு முன்பே அது தொடங்குகிறது. விமானிகள் மனத்திலேயே போடும் ஒரு கணக்கு உண்டு. உயரத்தை ஆயிரம் அடியில் எடுத்துக்கொண்டு மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல்மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்க வேண்டும் என்பது கிடைக்கும். 36ஐ மூன்றால் பெருக்கினால் 108. அதாவது அசென்ஷனுக்கு இன்னும் 200 கிலோமீட்டர் இருக்கும்போதே எஞ்சின் விசை கிட்டத்தட்ட முழுதாகக் குறைக்கப்படுகிறது. மிச்சத் தூரத்தை விமானம் தன் உயரத்தைச் செலவு செய்தே கடக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் குக்கருக்குள் சோறு வெந்துகொண்டிருக்கிறது அல்லவா? உள்ளே சேமித்த வெப்பம்தான் கடைசிப் பதத்தைக் கொடுக்கிறது. அங்கே வெப்பம் செய்வதை இங்கே உயரம் செய்கிறது. தேவைக்கு மேல் பெருந்தீயிலேயே வைத்திருந்தால் அடிப்பிடிக்கும். விமானத்தில் இறக்கத்தைத் தாமதித்தால் உயரம் மிஞ்சிப்போய், வட்டமடித்து இறங்க வேண்டிவரும்.

இதை ஏன் அவசரப்படுத்தக் கூடாது? விமானமே ஒரு குக்கர்தான். இந்த இடத்தில் ஒப்புமை என்ற எல்லையைத் தாண்டி இது உண்மையாகவே ஒன்றாகிவிடுகிறது. வெளியே உள்ளதைவிடக் கூடுதல் அழுத்தத்தை உள்ளே அடைத்து வைத்திருக்கும் மூடிய பாத்திரம் அது. வீட்டுக் குக்கரில் உள்ளே ஒரு வளிமண்டல அளவு கூடுதல் என்றால், 36,000 அடியில் பறக்கும் விமானத்தில் அதில் பாதி அளவு. உள்ளே இருப்பவர்களுக்கு அது 8,000 அடி உயரமான ஒரு மலையில் உட்கார்ந்திருப்பது போன்ற காற்று. தரை நெருங்கும்போது அந்த அழுத்தத்தைத் தரை அளவுக்குச் சரிசெய்து கொண்டுவர வேண்டும். நிமிடத்துக்கு 300 அல்லது 400 அடிக்கு மேல் வேகமாக மாற்றினால் காது வலிக்கும். சளி பிடித்த குழந்தை வீறிட்டு அழும். 8,000 அடியிலிருந்து தரைக்கு வர இந்த வேகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல். விமானம் இறங்கும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆவி அடங்கும்வரை மூடியைத் தொடாமல் காத்திருப்பதுதான் வழி.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். உருண்டு முனைக்குப் போக 5 நிமிடம். ஏற 20 நிமிடம், 120 கடல்மைல். இறங்க 22 நிமிடம், 110 கடல்மைல். நடுவில் மிஞ்சுவது 472 கடல்மைல். 450 நாட்டில் 63 நிமிடம். ஓடுதளத்துக்கு நேராக வந்து தரையிறங்க 6, நிறுத்துமிடத்துக்குப் போக 4. மொத்தம் 120 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் 'சிம்மில்' இருந்தது பாதிக்குச் சற்று மேல்தான். அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி சொல்ல வேண்டுமென்றால், தூரத்தை வேகத்தால் வகுத்து அதோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெட் விமானங்களுக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஏடிஆர் போன்ற ப்ரொப்பெல்லர் விமானம் என்றால் வேகம் 275 நாட் அளவில்தான். ஆனால் அது அவ்வளவு உயரம் ஏறாததால் முன்நேரமும் பின்நேரமும் குறைவு. இதே 702 கடல்மைலுக்கு அது மூன்று மணி நேரத்தை நெருங்கும். எந்த விமானம் என்று கேட்காமல் யாராவது பறப்பு நேரம் சொன்னால் அது பாத்திரத்தைப் பார்க்காமல் விசில் எண்ணிக்கை சொல்வது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. செயிண்ட் ஹெலினாவில் ஆண்டு முழுக்கத் தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. அதை நன்கு அறிந்த ஒருவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். இருபது வயதில், 1677 வாக்கில், தென்வானத்து விண்மீன்களைப் பட்டியலிட அவர் இந்தத் தீவுக்கு வந்து தங்கினார். 1686இல் அவர் வெளியிட்ட வியாபாரக் காற்றுகளின் படம் உலகின் முதல் காற்றுப் படங்களில் ஒன்று. பாய்மரக் கப்பல்களுக்கு அந்தக் காற்று செயிண்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷனுக்கு நேராகத் தள்ளிவிடும் காற்று. ஆனால் 36,000 அடியில் வீசுவது அதே காற்று அல்ல. கீழே ஒரு திசையும் மேலே வேறொரு திசையுமாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு பறப்புக்கும் அன்றைய மேல்காற்றைப் பார்த்துத்தான் நேரம் போட வேண்டும்.

போகும்போது பின்காற்று தள்ளினால் வரும்போது எதிர்காற்று பிடிக்கும், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 50 நாட் பின்காற்றில் தரைவேகம் 500; 702 கடல்மைலுக்கு 84 நிமிடம். எதிர்காற்றில் 400, அதற்கு 105 நிமிடம். கூட்டினால் 189. காற்றே இல்லாவிட்டால் 187. எதிர்காற்றில் விமானம் கூடுதல் நேரம் இருப்பதால் இழப்பு எப்போதும் ஆதாயத்தைவிடப் பெரியது. இந்தத் தீவுகளுக்கு நடுவே அது இரண்டு நிமிடம்தான். காற்று பலக்கப் பலக்க அது வேகமாக வளரும்.

அடியில் ஊற்றும் தண்ணீருக்கு வருவோம். குக்கரில் அரிசிப் பாத்திரத்துக்கு அடியே ஊற்றும் தண்ணீர் சோற்றுக்குள் போவதில்லை. தீர்ந்துபோகக் கூடாது என்பதற்காக ஊற்றுகிறோம். விமானத்தில் அதற்குச் சமம் இருப்பு எரிபொருள். பயணத்துக்கு வேண்டியது போக, எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு பங்கு, இறங்க முடியாமல் போனால் வேறொரு விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேல் அரை மணி வட்டமிடக் கடைசி இருப்பு. இதுதான் பொது விதி. சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூருக்குப் போகலாம். செயிண்ட் ஹெலினாவில் மேகம் தரைவரை இறங்கிவிட்டால் எங்கே போவது? அதற்கு மிக அருகில் இருக்கும் ஓடுதளமே 1,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அசென்ஷன்தான். இப்படி ஒதுங்க இடமில்லாத விமான நிலையங்களுக்குச் சர்வதேச விதி தனியாக ஒன்று சொல்கிறது: ஜெட் விமானம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் பறக்கப் போதுமான எரிபொருள் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும் எரிபொருளோடு கிளம்ப வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு நான்கு மணி நேர எரிபொருள்.

அந்தக் கூடுதல் தண்ணீரையும் சூடாக்க வேண்டுமே என்பதுதான் இதில் உள்ள சங்கடம். எம்ப்ரேயர் 190 மணிக்கு ஏறத்தாழ 1,800 கிலோ எரிபொருளைக் குடிக்கும். இரண்டு மணி நேர இருப்பு என்றால் மூன்றரை டன்னுக்கு மேல். வெறுமனே சுமந்து செல்வதற்கே ஒவ்வொரு மணி நேரமும் அதில் 3, 4 விழுக்காடு எரிந்துபோகும். பயணிக்கும் அவர் பெட்டிக்கும் சேர்த்து 100 கிலோ என்று வைத்தால், அந்த இருப்பு முப்பத்தைந்து பேரின் எடை. செயிண்ட் ஹெலினாவுக்குச் சேவை தொடங்கியபோது, 99 இருக்கை கொண்ட விமானத்தில் 76 பேரை மட்டுமே ஏற்றினார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த விமானம் நமீபியாவின் விண்ட்ஹூக்கில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் கடலைத் தாண்டியது. கூடுதல் இறக்கம், கூடுதல் ஏற்றம், தரையில் நிற்கும் நேரம் எல்லாமே பயண நேரத்தில் சேர்ந்தன. தூரக் கணக்கில் இவை எதுவுமே தெரியாது.

நடுக்கடலில் ஏதேனும் கோளாறு வந்தால் முன்னே போவதா, திரும்புவதா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போய்ச்சேரக்கூடிய புள்ளி எது? காற்று இல்லையென்றால் சரிபாதி, 351 கடல்மைல். அசென்ஷனிலிருந்து செயிண்ட் ஹெலினாவுக்குப் போகையில் 50 நாட் எதிர்காற்று இருந்தால்? திரும்பும் வேகமான 500ஐ, போகும் வேகமும் திரும்பும் வேகமும் கூடிய 900ஆல் வகுத்து 702ஆல் பெருக்க வேண்டும். 390 கடல்மைல் வருகிறது. பாதி தாண்டி 39 கடல்மைல் போகும்வரை திரும்புவதே விரைவு. கிளம்புவதற்கு முன்பே இந்தப் புள்ளி கணக்கிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கடல் பரப்பில் இந்த இரண்டு ஓடுதளங்கள்தான் ஒன்றுக்கொன்று புகலிடம்.

76 பேர் என்ற கட்டுப்பாட்டுக்கு எரிபொருள் மட்டும் காரணமில்லை. இறங்கும் இடமும் காரணம். செயிண்ட் ஹெலினாவில் சமதரை என்பதே அரிது. விமான நிலையத்துக்காக ஒரு பள்ளத்தாக்கையே ஏறத்தாழ 80 லட்சம் கன மீட்டர் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினார்கள். அப்படியும் கிடைத்தது 1,950 மீட்டர் ஓடுதளம், கடல்மட்டத்திலிருந்து 310 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறைகளின் விளிம்பில். 2016 ஏப்ரலில் நடந்த சோதனைப் பறப்பில், வடக்கிலிருந்து இறங்கும் பாதையில் காற்று திடீர் திடீரென்று திசையும் வேகமும் மாறுவது தெரியவந்தது. திறப்புவிழா தள்ளிப்போனது; பயணிகள் சேவை தொடங்க ஒன்றரை ஆண்டு ஆனது. 1836இல் பீகிள் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்த சார்லஸ் டார்வின், இங்கே ஆயிரம் அடிச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்றதை எழுதியிருக்கிறார். அவர் நின்ற இடத்தில் காற்று அசையவில்லை. சில கஜம் தள்ளிக் கடற்பறவைகள் கடுங்காற்றோடு போராடிக்கொண்டிருந்தன. 180 ஆண்டுகளுக்குப் பிறகு விமானத்தின் இறக்கைகள் உணர்ந்ததும் அப்படிப்பட்ட காற்றைத்தான்.

அதைத் தவிர்க்கத் தெற்கிலிருந்து இறங்கலாம். ஆனால் அப்போது காற்று முதுகுக்குப் பின்னால் இருந்து தள்ளும். 125 நாட்டில் இறங்கும் விமானம் 10 நாட் எதிர்காற்றில் தரையைத் தொடும்போது தரைவேகம் 115. அதே அளவு பின்காற்றில் 135. நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்; இங்கே அது கிட்டத்தட்ட 38 விழுக்காடு. ஓடுதளத்தை நீட்ட முடியாது, பாறை முடிந்துவிடுகிறது. எடையைக் குறைப்பது ஒன்றுதான் வழி. எடை என்றால் ஆட்கள், சாமான்கள், எரிபொருள். எரிபொருளைக் குறைக்க முடியாது என்று முன்பே பார்த்தோம். மிஞ்சியது ஆட்கள்.

அசென்ஷனில் இந்தத் தொல்லை இல்லை. 1942இல் அமெரிக்கப் படையின் பொறியாளர்கள் அங்கே போட்ட ஓடுதளம் இன்று மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒரு காலத்தில் அமெரிக்க விண்வெளி ஓடங்கள் அவசரத்துக்கு இறங்க அடையாளமிட்டு வைத்திருந்த இடம். ஆனால் நீளம் மட்டும் போதாது. ஓடுதளப் பரப்பு பழுதடைந்ததால் 2017 ஏப்ரல் முதல் பல ஆண்டுகள் பெரிய விமானங்கள் அங்கே இறங்க முடியாமல் போயிற்று. இங்கிலாந்திலிருந்து அசென்ஷன் வழியாகப் போய்வந்த பயணிகள் சேவை நின்றது. அந்த இடைவெளியில்தான் செயிண்ட் ஹெலினாவிலிருந்து வந்த சின்ன எம்ப்ரேயர் அசென்ஷன்காரர்களுக்கு வெளியுலகத்தின் வாசலாக இருந்தது.

இந்தக் கணக்கின் மறுமுனையைக் காட்ட ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு ஒரு நடை போய் வரலாம். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு நடுவே லோகன்ஏர் 1967 முதல் பறக்கிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். உலகின் மிகக் குறுகிய வழக்கமான விமான சேவை அது. அட்டவணைப்படி இரண்டு நிமிடம். காற்று நன்றாகத் துணைநின்ற ஒரு நாளில் 53 நொடியில் முடிந்திருக்கிறது. அங்கே பறக்கும் ஐலேண்டர் விமானத்துக்கு உள்ளழுத்தம் ஏற்றும் ஏற்பாடே கிடையாது. சில நூறு அடி ஏறி உடனே இறங்குவதற்கு அது எதற்கு? கீரை வேகவைக்க யாரும் குக்கரை மூடுவதில்லை. சட்டியை வைத்து ஒரு கொதியில் இறக்கிவிடுகிறோம். சிம் நேரம் என்பதே இல்லாத பயணம் இது, ஏற்றமும் இறக்கமும் மட்டும். தூரம் வகுத்தல் வேகம் என்ற சூத்திரம் இங்கே எதையுமே சொல்லாது.

செயிண்ட் ஹெலினாவுக்கும் அசென்ஷனுக்கும் கடிகார வேறுபாடு இல்லை. இரண்டும் கிரீனிச் நேரத்தையே பின்பற்றுவதால், பத்து மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்கு இறங்கலாம். பயணச்சீட்டில் உள்ள நேரத்தைக் கழித்தாலே பறப்பு நேரம் கிடைத்துவிடும். வேறு பல தீவுகளுக்கு இப்படிக் கழித்தால் தப்பான விடைதான் வரும். விமானம் வருவதற்கு முன் இந்த இரு தீவுகளையும் இணைத்தது ஆர்.எம்.எஸ். செயிண்ட் ஹெலினா என்ற தபால் கப்பல். மணிக்கு 15 கடல்மைல் போகும் கப்பலுக்கு 702 கடல்மைல் கடக்க 47 மணி நேரம். 2018 பிப்ரவரியில் அது தன் கடைசிப் பயணத்தை முடித்தது. 47 மணி இரண்டு மணியானது.

ஆனால் தொடங்கியபோது இந்த விமானம் மாதத்துக்கு ஒரு முறைதான் பறந்தது. அசென்ஷனில் வேலை செய்யும் ஒருவருக்குச் செயிண்ட் ஹெலினாவிலிருந்து தாய் உடல்நலமில்லை என்று செய்தி வந்தால், பறக்க இரண்டு மணி நேரம். விமானத்துக்குக் காத்திருக்க இருபத்தெட்டு நாள்கூட ஆகலாம். அன்று மேகம் தாழ்ந்து விமானம் மறுநாளுக்குத் தள்ளிப்போனால் இரண்டு மணி நேரம் 26 மணி நேரமாகிறது. தவறவிட்டால் அடுத்த மாதம். ஊருக்குப் போகிறவர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இணைப்பு விமானம் வைத்திருந்தால் நடுவில் ஓரிரு நாள் விட்டே சீட்டு எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை மணி நேரம் என்று உங்களிடம் யாராவது கேட்டால், 702ஐ 450ஆல் வகுத்து அரை மணி சேர்த்துச் சொல்லுங்கள். கூடவே அடுத்த விமானம் எந்தத் தேதியில் என்றும், அதில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.